கோடைகால டயரும் மாரிகால வாகரை வீதியும்

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை, ஓட்டமாவடி ஆகிய ஊர்களைக் கடந்து நாவலடிச் சந்தியில் திரும்பினால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி ஊடாக வாகரைக்குச் செல்லலாம். அங்கிருந்து கதிரவெளி, வெருகல், மூதூர், கிண்ணியா வழியே திருகோணமலை வரை நீளும் இந்த ஏ15 வீதி, ஒரு தலைமுறைக்கு முன்னர் காரில் செல்வோர் விரும்பித் தெரிவுசெய்த வீதியாக இருக்கவில்லை. கடலும் களப்பும் மாறிமாறிக் குறுக்கிட்ட இடங்களில் 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கிழக்கில் பாதை என்றால் நடந்துசெல்லும் வழியல்ல. வாகனங்களை ஏற்றி மறுகரை சேர்க்கும் மிதவையையே அச்சொல் குறிக்கும். பின்னர் யுத்தம் அந்த வீதியை ஆண்டுக்கணக்கில் மூடியது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை எஞ்சியிருந்ததையும் அடித்துச் சென்றது. 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரை மக்கள் இந்த வீதி வழியாகவே கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர்.

இன்று நிலைமை வேறு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. வீதி காபட் இடப்பட்டது. ஹபரணையைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போன காலம் மறந்துபோய்விட்டது. துவிச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் மாத்திரமே நின்ற முற்றங்களில் இப்போது அல்ட்டோவும் வேகன் ஆரும் விட்ஸும் அக்சியோவும் நிற்கின்றன. வீதி வழுக்கலாகவும் நேராகவும் நீண்டு கிடக்கும்போது இளைஞர்களின் கவனம் இயந்திரத்திலிருந்து சக்கரத்துக்குத் திரும்புவதும் இயல்பே. 'உயர்செயற்றிறன் கோடைகால டயர்' என்ற சொற்றொடர் வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் இறங்கி, ஓட்டமாவடியிலும் மட்டக்களப்பிலும் டயர் விற்கும் கடைகளின் வாசல் வரை வந்துவிட்டது. சாதாரண காருக்கு அத்தகைய டயரைப் பூட்டினால் கார் ஒட்டிப்பிடித்துக்கொண்டு ஓடும், உடனே நிற்கும் என்று சொல்லப்படுகின்றது. அதில் உண்மை இருக்கின்றது. ஆயின் அந்த உண்மை எந்த வீதிக்கு, எந்தப் பருவத்துக்கு, எந்தக் காருக்கு உரியது என்பதை அறியாமல் பணத்தைச் செலவிடுவது, பணத்தோடு சேர்த்து உயிரையும் பணயம் வைப்பதாக முடியக்கூடும்.

முதலில் 'கோடைகால டயர்' என்ற பெயரைப் பார்ப்போம். அது நமது கோடையைக் குறிக்கும் பெயரல்ல. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் வீதியின் வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும்போது சாதாரண இறப்பர் கலவை விறைத்து இறுகிவிடுகின்றது. இறுகிய இறப்பருக்கு வீதியின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து பிடித்துக்கொள்ளும் ஆற்றல் குறைவு. ஆகவே பனிக்காலத்துக்கென மென்மையான கலவையும், பனியைக் கவ்வுவதற்கு நுண்ணிய கீறல்கள் நிறைந்த முகப்பும் கொண்ட டயர்களைத் தயாரித்தார்கள். எஞ்சிய மாதங்களுக்குரியவை கோடைகால டயர்கள் எனப்பட்டன. இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வாகரையில் ஆண்டின் 365 நாளும் கோடைதான். நமது கடைகளில் சாதாரணமாக விற்கப்படும் ஏறக்குறைய எல்லாக் கார் டயர்களும் கோடைகால டயர்களே. 'கோடைகால டயராக மாற்றித் தருகின்றேன்' என்று எவரேனும் கூறினால், அவர் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் மீண்டும் விற்க முயல்கின்றார்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியாகும் கார்களில் சில, அந்நாட்டின் பனிப் பிரதேசங்களில் ஓடிய அதே பனிக்கால டயர்களுடன் வந்து இறங்குகின்றன. அவற்றின் முகப்புக் கட்டைகளில் மயிரிழை போன்ற கீறல்கள் நெருக்கமாக ஓடும். பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் பொறிக்கப்பட்டிருக்கலாம். அல்லது 'ஸ்டட்லெஸ்' என்ற சொல் இருக்கலாம். முகப்பு தேயாமல் இருப்பதைப் பார்த்து 'நல்ல டயர், இன்னும் இரண்டு வருடம் ஓடும்' என்று அதனை வைத்துக்கொள்வோர் உள்ளனர். பூச்சியத்துக்குக் கீழான குளிரில் மென்மையாக இருப்பதற்கென ஆக்கப்பட்ட அந்த இறப்பர், நண்பகலில் கொதிக்கும் நமது தார் வீதியில் களிபோலத் தளர்ந்து நெளிகின்றது. பிறேக்கை அழுத்தும்போது முகப்புக் கட்டைகள் மடங்குகின்றன. கார் நிற்பதற்கு அதிக தூரம் எடுக்கின்றது. திருப்பங்களில் பின்பகுதி ஆடுகின்றது. அத்தகைய காரின் உரிமையாளர் கோடைகால டயருக்கு மாறுவது ஆடம்பரமல்ல, அவசரத் தேவை.

சரி, 'உயர்செயற்றிறன்' என்பது என்ன? அதனை மூன்று விடயங்களில் அடக்கலாம். முதலாவது, வீதியை இறுகப் பற்றிக்கொள்ளும் இறப்பர் கலவை. 1990 களின் தொடக்கத்தில் மிஷெலின் நிறுவனம் கரிப்பொடியின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்து கார் டயர்களைச் சந்தைப்படுத்தியது. அதன் பின்னர் ஈரமான வீதியில் பிடிமானமும் எரிபொருட் சிக்கனமும் ஒரே டயரில் ஓரளவு கூடிவரத் தொடங்கின. இரண்டாவது, நெளியாத பெரிய தோட்பட்டைக் கட்டைகளும் அகன்ற நீள்வாய்க்கால்களும் கொண்ட முகப்பு. மூன்றாவது, விறைப்பான, உயரம் குறைந்த பக்கச் சுவர். இம்மூன்றும் சேர்ந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்பும். வேகம் கூடியபோதும் டயர் சூடேறிச் சிதையாது.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துக்களைப் படிக்கத் தெரிந்தால் இவற்றில் பாதி விளங்கிவிடும். ஜப்பானிய வேகன் ஆர் காரொன்றின் டயரில் பொதுவாக '155/65 ஆர்14 75 எஸ்' என்றிருக்கும். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தின் 65 சதவீதம். அதாவது ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். 'ஆர்' என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்துள்ள 75 ஐப் பெரும்பாலானோர் கவனிப்பதேயில்லை. அது சுமைச் சுட்டெண். 75 எனில் ஒரு டயர் 387 கிலோகிராம் வரை தாங்கும். 82 எனில் 475. 91 எனில் 615. இறுதி எழுத்து வேகக் குறியீடு. 'எஸ்' எனில் மணித்தியாலத்துக்கு 180 கிலோமீற்றர், 'எச்' எனில் 210, 'வீ' எனில் 240, 'டபிள்யூ' எனில் 270, 'வை' எனில் 300. உயர்செயற்றிறன் டயர்கள் பெரும்பாலும் கடைசி மூன்று எழுத்துக்களையே தாங்கி வருகின்றன.

நமது சட்டப்படி இலகு வாகனங்களுக்கான வேக எல்லை நகரப் பகுதிகளில் 50 கிலோமீற்றர், அதற்கு வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100. பனிச்சங்கேணிப் பாலத்தில் 270 கிலோமீற்றர் வேகம் எவருக்கும் தேவையில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேகக் குறியீடு உயர்ந்த டயர் வெப்பத்தைத் தாங்கும் உறுதியான கட்டமைப்பும் கொண்டது என்று விற்பனையாளர் வாதிடுவார், அது சரியே. ஆனால் 155 அளவிலான சிறிய டயர்களில் அவ்வகைகள் அரிதாகவே கிடைக்கும். எனவே பேச்சு உடனே 'ரிம்மையும் சேர்த்து மாற்றுவோம்' என்று திரும்பும். கைப்பணம் வெளியேறும் வாசல் அதுதான். பிழை நுழையும் வாசலும் அதுவே.

ஓர் எடுத்துக்காட்டு. அக்சியோ ஒன்றின் 175/65 ஆர்15 டயர்களைக் கழற்றிவிட்டு 16 அங்குல அலோய் ரிம்மில் 205/50 டயர்களைப் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். முழுச் சக்கரத்தின் விட்டம் பழையதற்குக் கிட்டத்தட்டச் சமனாகவே வரும். ஆகவே வேகமானி அதிகம் பிழைக்காது. கணக்கு அழகாக இருக்கின்றது. ஆனால் பக்கச் சுவரின் உயரம் 114 மில்லிமீற்றரிலிருந்து 102 ஆகக் குறைந்துவிட்டது. இன்னும் கவர்ச்சியான 17 அங்குலத்துக்குப் போய் 205/45 பூட்டினால் அது 92 ஆகிவிடும். காபட் வீதியில் இக்குறைவு தெரியாது. ஆனால் வாகரையில் எவரும் காபட் வீதியிலேயே குடியிருப்பதில்லை. பிரதான வீதியை விட்டு இறங்கினால் கிரவல், மணல், மழை அரித்த குழி, வயல் வரம்பை ஒட்டிய வண்டிப்பாதை. தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பே பல இடங்களில் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டுண்டு கிடக்கின்றது. உயரமான பக்கச் சுவர் அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். உயரம் குறைந்தது அதனை ரிம்முக்குக் கடத்திவிடும். ரிம் வளையும், அல்லது பக்கச் சுவரின் உள்நூல்கள் அறுந்து டயரில் முட்டைபோல வீக்கம் எழும். அவ்வீக்கத்துடன் ஓடும் டயர் எந்த நேரத்திலும் வெடிக்கலாம்.

இதனைவிடப் பெரிய விடயம் தண்ணீர். மட்டக்களப்பு மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கொட்டித் தீர்க்கின்றது. கடலுக்கும் களப்புக்கும் இடையில் தாழ்ந்து கிடக்கும் இவ்வீதியில் தண்ணீர் ஓடிவடிவதற்குச் சரிவு குறைவு. சில மணித்தியால மழையில் வீதியின் சக்கரத் தடங்களில் நீர் தங்கிவிடுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டை உலுக்கியபோது வீதிக்கும் வெள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாமல் போன இடங்கள் எத்தனை என்பதை நாம் கண்டோம். அத்தகைய பேரிடர் நாளில் வாகனத்தை வெளியில் எடுப்பதே தவறு. நாம் இங்கு பேசுவது ஒவ்வோர் ஆண்டும் வரும் சாதாரண மாரியைப் பற்றியே.

வீதியில் 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்கின்றது என வைத்துக்கொள்வோம். ஒரு ரூபா நாணயத்தின் தடிப்பைவிட அதிகம், அவ்வளவே. மணித்தியாலத்துக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் 22 மீற்றர் முன்னேறுகின்றது. டயரின் தொடுபரப்பு 12 சென்ரிமீற்றர் அகலமானால், அந்த ஒரு செக்கனில் அது 8 லீற்றர் நீரை வெளியே தள்ளியாக வேண்டும். தொடுபரப்பை 17 சென்ரிமீற்றராக அகலித்தால் தள்ள வேண்டிய நீர் 11 லீற்றருக்கு மேலாகின்றது. முகப்பிலுள்ள வாய்க்கால்கள் அவ்வளவையும் வாங்கி வெளியேற்ற முடியாதபோது, டயர் நீரின் மேல் ஏறி மிதக்கின்றது. அப்போது ஸ்டியரிங் கைக்கு இலேசாகிவிடும். பிறேக் பிடித்தாலும் பயனில்லை, ஏனெனில் பற்றுவதற்கு வீதியே இல்லை. தேய்மானமும் காற்றழுத்தமும் சமமாக இருக்கையில் அகன்ற டயர் ஒடுங்கிய டயரைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். வறண்ட வீதியில் பெருமையாகத் தோன்றிய அகலம் மாரியில் பகையாக மாறுவது இவ்வாறுதான். நல்ல உயர்செயற்றிறன் டயர்களின் முகப்பு வாய்க்கால்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வாய்க்கால்களுக்கு ஆழம் இருக்கும் வரைதான். அவற்றின் பற்றுமிக்க இறப்பர் விரைவாகத் தேய்வதும் அவற்றின் இயல்பே.

காற்றழுத்தத்தின் பங்கையும் கூற வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள், விமானங்கள் ஈரமான ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்து 1960 களில் ஒரு சூத்திரத்தைக் கண்டனர். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் அதன் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். அச்சூத்திரத்தை அப்படியே பிரயோகித்தால் 32 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் ஆழமான நீரில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் மிதக்கும். 25 பி.எஸ்.ஐ. எனில் 83 இல், 20 பி.எஸ்.ஐ. எனில் 75 இற்குக் கீழேயே. கார் டயரின் வடிவம் விமான டயரிலிருந்து வேறுபட்டதாகையால் இவ்வெண்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் போகும் திசை தெளிவு. டயரில் மாதமொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பி.எஸ்.ஐ. தானாகவே இறங்கும். நான்கைந்து மாதம் பார்க்காமல் விட்டவர், எவ்வளவு விலையுயர்ந்த டயரைப் பூட்டியிருந்தாலும், அதன் பாதுகாப்பில் ஒரு பங்கைத் தாமே கழித்துவிட்டார். உரிய அழுத்தம் சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஜப்பானிய கார்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும். 220 என்றிருந்தால் 32 பி.எஸ்.ஐ. என்று கொள்க. டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். சாதாரண காற்றுக்குப் பதிலாக நைதரசன் நிரப்பினால் நல்லது என்று பணம் கேட்பவர்களிடம், சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

இனி, நல்ல டயர் எவ்வளவு உதவும் என்பதற்கும் ஒரு கணக்குப் போடுவோம். ஆபத்தைக் கண்டு காலை பிறேக்கில் வைப்பதற்குச் சாரதிக்கு ஒன்றரைச் செக்கன் தேவை எனக் கொள்வோம். மணித்தியாலத்துக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குள் கார் 29 மீற்றர் ஓடிவிடும். சாதாரணமான நல்ல டயரின் பிடிமானக் குணகத்தை 0.7 என எடுத்தால், அதன் பின்னர் நிற்பதற்கு மேலும் 27 அல்லது 28 மீற்றர். மொத்தம் 57 மீற்றர். உயர்செயற்றிறன் டயர் அக்குணகத்தை 0.8 ஆக உயர்த்துகின்றது என்று தாராளமாகவே கொடுப்போம். மொத்தம் 53 மீற்றராகக் குறையும். ஒரு காரின் நீளம் மிச்சம். அந்த நான்கு மீற்றருக்குள் ஒரு பிள்ளை நிற்கக்கூடும். ஆகவே அது அற்பமானதல்ல. ஆனால் புதிய டயர் தந்த தைரியத்தில் அதே சாரதி 80 இல் ஓடினால் என்னாகும்? நிற்பதற்கு 65 மீற்றர் வேண்டும். பழைய டயரில் 70 இல் ஓடியதைவிட எட்டு மீற்றர் மோசமான நிலை. டயர் வாங்கிக் கொடுத்த இலாபத்தை வேகமானி முள் பத்து இலக்கங்களுக்குள் விழுங்கிவிடுகின்றது. தேய்ந்த டயரும் ஈரமும் சேர்ந்து அக்குணகத்தை 0.4 ஆக இறக்கினால், 70 இல் ஓடும் கார் நிற்பதற்கு 77 மீற்றர் தேவை.

இந்த மீற்றர்கள் இவ்வீதியில் என்ன பொருள் தருகின்றன என்பது இரவில் பயணித்தவர்களுக்குத் தெரியும். பகல் வெயிலின் சூடு தாரில் தங்கியிருப்பதால் மாடுகள் வீதியிலேயே படுத்துவிடுகின்றன. கறுத்த மாட்டைக் கறுத்த வீதியில், எதிர்வரும் லொறியின் வெளிச்சத்துக்கு அப்பால், ஐம்பது மீற்றருக்குள்தான் காண முடியும். யானைகளும் வருகின்றன. பெரும்போக அறுவடைக்குப் பின்னர் வீதியோரத்தில் காயவிட்ட நெல், எந்த டயரையும் உருளைகள் மேல் நிறுத்தியதுபோல் வழுக்க வைக்கும். நீண்ட வெயிலுக்குப் பின் விழும் முதல் மழை, தாரில் படிந்திருந்த எண்ணெயையும் தூசியையும் குழைத்துச் சவர்க்காரம் பூசியதுபோல் ஆக்கிவிடும். இவற்றுக்கெதிராக ஜேர்மனியிலோ ஜப்பானிலோ தயாரிக்கப்பட்ட தனி டயர் கிடையாது.

இலங்கையில் ஆண்டுதோறும் 2000 இற்கும் மேற்பட்டோர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். கிழக்கின் கிராமமொன்றில் கார் என்பது பெருமைக்குரிய பொருள் மட்டுமல்ல. நள்ளிரவில் பிரசவ வேதனை எடுத்தவரையோ நெஞ்சுவலி கண்டவரையோ வாகரையிலிருந்து வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கும், தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்வது பெரும்பாலும் அயல்வீட்டுக் கார்தான். வெருகல் சித்திரவேலாயுதர் ஆலயத் திருவிழாவுக்கு ஐந்து பேர் அமரும் காரில் எட்டுப் பேர் ஏறுவதும், பெருநாள் நாட்களில் ஓட்டமாவடியிலிருந்து மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் குடும்பமாகப் பயணிப்பதும் இவ்வீதியிலேயே. முன்னர் சொன்ன 75 என்ற சுமைச் சுட்டெண் அப்போதுதான் நினைவுக்கு வர வேண்டும். நான்கு டயர்களும் சேர்ந்து தாங்கக்கூடியது 1548 கிலோகிராம். அதுவும் உரிய காற்றழுத்தம் இருந்தால். காரின் எடையைக் கழித்து, எட்டுப் பேரையும் அவர்களின் மூட்டைமுடிச்சுகளையும் கூட்டிப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். சுமை கூடியும் காற்றுக் குறைந்தும் இருக்கும் டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கதிகமாக மடங்கி உள்ளே சூடேறுகின்றது. வெயிலில் வெடிக்கும் டயர்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

செலவையும் பார்க்க வேண்டும். இறப்பர் விளையும் நாட்டில் டயர் விலை ஏன் இவ்வளவு என்று அடிக்கடி கேட்கப்படுகின்றது. பிரேசிலில் சேகரிக்கப்பட்டு இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைத்த இறப்பர்க் கன்றுகள் 1876 இலேயே கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்துசேர்ந்தன. தொழிற்சாலை வாகனங்களுக்கான திண்ம டயர்களில் உலகச் சந்தையில் நம் நாட்டுக்கு முக்கிய இடமுண்டு. களனியில் உள்நாட்டுக் கார் டயரும் தயாராகின்றது. ஆனால் ஒரு கார் டயரில் இயற்கை இறப்பர் ஒரு பகுதி மாத்திரமே. செயற்கை இறப்பர், கரிப்பொடி, சிலிக்கா, உருக்குக் கம்பி, நூல் ஆகிய பலவும் டொலர் கொடுத்து வாங்கப்படுபவை. 2022 இல் ஒரு டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை பாய்ந்தபோது டயர் விலையும் பாய்ந்தது. இறக்குமதியாகும் உயர்செயற்றிறன் டயர்கள் முழுக்க முழுக்க டொலரிலேயே வருபவை. அவை விரைவாகத் தேய்பவையும்கூட. அமெரிக்க முறையில் டயரில் பொறிக்கப்படும் தேய்மான எண், நீடித்துழைக்கும் சாதாரண டயரில் 400, 500 என்றிருக்கும். பந்தய மைதானத்தை நோக்கிய டயரில் 200 அளவிலேயே இருக்கும். எண் பாதியானால் உழைப்பும் ஏறத்தாழப் பாதி.

எரிபொருளும் உண்டு. வாகனமொன்றின் எரிபொருளில் 20 முதல் 30 சதவீதத்தை டயர்களின் உருளுதடையே உறிஞ்சுகின்றது என ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர்ச் சட்டவிதி குறிப்பிடுகின்றது. அகன்று ஒட்டும் டயர் அப்பங்கைக் கூட்டும். 2022 இல் கியூ.ஆர். அட்டையோடு வாரத்துக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிக்கனத்துக்காகவே ஹைபிரிட் கார் வாங்கிய ஒருவர், அதில் அகன்ற டயரைப் பூட்டிச் சிக்கனத்தைக் கெடுத்துக்கொள்வது விசித்திரமானது.

அப்படியானால் டயரைத் தரமுயர்த்தவே வேண்டாமா? வேண்டும். ஆனால் தரம் என்பதை அகலத்திலும் ரிம்மின் பளபளப்பிலும் தேடாமல் ஈரப் பிடிமானத்தில் தேட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரிலிருந்து ஒவ்வொரு டயருக்கும் ஒரு தரச்சீட்டைக் கட்டாயமாக்கியது. 2021 மே மாதத்திலிருந்து நடைமுறையிலுள்ள புதிய சீட்டில் எரிபொருட் சிக்கனமும் ஈரப் பிடிமானமும் 'ஏ' முதல் 'ஈ' வரை தரப்படுத்தப்பட்டுள்ளன. ஈரமான வீதியில் 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முழு பிறேக் பிடிக்கும்போது, முன்னைய சீட்டின் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையிலான வேறுபாடு 18 மீற்றர் வரை இருக்கலாம் எனக் கூறப்பட்டது. நமது நாட்டில் அத்தகைய சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை செய்கின்றோம். புகை கக்காத தனியார் கார் வழுவழுப்பான டயருடன் பரிசோதனை நிலையத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க அங்கு எவருமில்லை. சம்பந்தப்பட்ட திணைக்களம் சிந்திக்க வேண்டிய விடயம் இது.

அதுவரை வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டியதுதான். காருக்கு உற்பத்தியாளர் விதித்த அதே அளவில், சுமைச் சுட்டெண்ணும் வேகக் குறியீடும் குறையாமல், ஈரப் பிடிமானம் 'ஏ' அல்லது 'பீ' என மதிப்பிடப்பட்ட டயர் கிடைத்தால் அதுவே நமது வீதிக்குரிய உயர்செயற்றிறன் டயர். விற்பனையாளரிடம் அந்த மாதிரியின் ஐரோப்பியத் தரத்தைக் கேட்கலாம். கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்க்கலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 'புதிய' டயரை அது காட்டிக்கொடுத்துவிடும். கடற்காற்றும் வெயிலும் இறப்பரை ஓடாமலே முதுமையடையச் செய்பவை. ஆறு ஆண்டைத் தாண்டிய டயரை ஒவ்வோர் ஆண்டும் பரிசோதிக்க வேண்டும். பத்து ஆண்டானதை முகப்பு எவ்வளவு ஆழமாயிருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பஞ்சிகாவத்தையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வரும் பாவித்த டயர்களை வாங்குபவர்கள் இந்த நான்கு இலக்கங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

முகப்பின் ஆழத்தை அறிய, வாய்க்கால்களின் அடியில் குறுக்காக ஓடும் சிறு மேடுகளைப் பார்க்க வேண்டும். முகப்பு அம்மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர். ஐரோப்பாவில் அதற்குக் கீழ் ஓடுவது குற்றம். புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருக்கும். மாரி வீதிக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழ் போகவிடாமல் மாற்றுவது நல்லது. அந்த மாற்றத்தை ஒக்டோபரில் செய்ய வேண்டும். மழை முடிந்து ஜனவரிச் சம்பளம் வந்த பிறகல்ல.

நான்கையும் ஒரே தடவையில் மாற்ற வசதியில்லாதவர்கள் பலர். இரண்டை மாத்திரம் வாங்கினால் எங்கே பூட்டுவது? முன்சக்கரங்களே காரை இழுக்கின்றன, ஆகவே புதியவை முன்னுக்கு என்று நமது கராஜ்களில் சொல்வார்கள். டயர் உற்பத்தியாளர்களின் அறிவுரை இதற்கு நேர்மாறானது. முன்சக்கரம் நீரில் மிதந்தால் கார் திரும்ப மறுத்து நேரே செல்லும். சாரதிக்கு அது ஸ்டியரிங்கில் தெரியும். அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிமானம் திரும்பும். பின்சக்கரம் மிதந்தால் எந்த முன்னறிவிப்புமின்றிக் கார் பம்பரமாகச் சுழன்றுவிடும். தேர்ந்த சாரதியாலும் அதை மீட்பது அரிது. ஆகவே புதிய இரண்டும் பின்புறமே பூட்டப்பட வேண்டும். கார் ஜக்கில் ஏறுவதற்கு முன்னரே இதனைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நான்கு நட்டுகளையும் இறுக்கி முடித்த பின்னர் சொன்னால், மறுபடியும் கழற்ற எவருக்கும் மனம் வராது.